எண்ணும் எழுத்தும் அளந்த வரலாறு

தோற்றுவாய்

பொதிகையினின்று இறங்கும் பொருநையாறு சமவெளியைத் தொடும் இடத்தில், கன்னடியன் அணைக்கட்டுக்கு அருகே அமைந்த ஊர் நம் கல்லிடைக்குறிச்சி. கார், பிசானம் என இருபோகம் விளையும் இவ்வயல்களில், அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் அளந்த காட்சியை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். மரக்கால் ஒருவர் கையில் இருக்கும். கூலி வாங்கும் கை வேறொருவருடையதாக இருக்கும். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை என்பது நெல்லைச் சீமையின் வழக்கு. கோட்டை கோட்டையாக விளைவித்தவர்களுக்கு அந்த வாய்க்கணக்குத் தெரியும். ஆனால் அளந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, கடனில் கழித்தது இவ்வளவு என்று எழுதி வைத்த ஏட்டைப் படிக்க மட்டும் அவர்களால் இயலவில்லை. ஏடு சொன்னதே கணக்கு, கைநாட்டே சாட்சி என்று தலைமுறைகள் கழிந்தன.

கல்விக்கும் ஒரு மரக்கால் உண்டு. முதல் வகுப்புக் குழந்தை இவ்வளவு படிக்க வேண்டும், இரண்டாம் வகுப்புக் குழந்தை இவ்வளவு எழுத வேண்டும், மூன்றாம் வகுப்புக் குழந்தை இவ்வளவு கணக்கிட வேண்டும் என்று வரையறுக்கும் அளவே அது. அதனைத் ‘தரம்’ என்கிறோம். இந்த அளவு எப்போது தோன்றிற்று, யாரை அளந்தது, நம் குழந்தைகளுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பனவற்றை, தொடக்கப் பள்ளி ஆசிரியனாக முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்னும் உரிமையோடு இவ்வெள்ளிவிழா மலரில் எழுத விழைகிறேன்.

திண்ணைப் பள்ளியின் அளவு

ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே தமிழகத்தில் தொடக்கக் கல்விக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. திண்ணைப் பள்ளியில் சேர்ந்த சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுதினான். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் பிடித்தான். அறநூல்களை மனப்பாடம் செய்தான், நிகண்டு கற்றான். கணக்கிற்கு எண்சுவடி இருந்தது. 320-இல் ஒரு பங்காகிய முந்திரி, 80-இல் ஒரு பங்காகிய காணி, 20-இல் ஒரு பங்காகிய மா, 16-இல் ஒரு பங்காகிய வீசம் என நுண்ணிய பின்னங்களையெல்லாம் சிறுவர் வாய்ப்பாடாகவே ஒப்பித்தனர். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று முகத்தலளவையும் மனத்தில் பதிந்தது. முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை, இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான்.

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிக் கணக்கெடுப்பு ஒன்றிற்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அக்காலத்தில் இது சிறிய எண்ணிக்கை அன்று. ஆயினும் அக்கணக்கெடுப்பின் பட்டியலில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முகமதியர் என்ற பத்திகள் இருந்தனவேயன்றி, நம் மக்களுக்கெனத் தனிப் பத்தி இல்லை. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் முகப்பு. வீட்டின் முன் நடக்கவே தடையுள்ளவன் அத்திண்ணையில் அமர்ந்து எண்சுவடி கற்பது எங்ஙனம்? பழைய கல்வியின் சிறப்பை நாம் போற்றலாம். அச்சிறப்பு யாருக்குக் கிட்டியது என்பதையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

எழும்பூர் மணலும் இங்கிலாந்தின் வகுப்பறையும்

இத்திண்ணைப் பள்ளி முறை கடல் கடந்து சென்ற வரலாறு சுவையானது. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தமிழ்ச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் உடன்படவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே சிறியோர்க்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. நம் தெரு மணலில் பிறந்த முறை உலகத்தின் ஏழைக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. அதே மணலை மிதித்து நின்ற நம் முன்னோர் மட்டும் எழுத்தறியாது நின்றனர்.

நெல்லைச் சீமையில் இந்நிலை அசையத் தொடங்கியது கிறித்தவச் சபைகளின் ஊர்ப்புறப் பள்ளிகளால். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் மறையும் வரை இம்மாவட்டத்திலேயே உழைத்த ரேனியஸ் ஐயர், பல சிற்றூர்களில் பள்ளிகள் நிறுவினார். சமய நோக்கம் அப்பள்ளிகளுக்கு இருந்தது உண்மையே. ஆயினும் ஒடுக்கப்பட்டோர் பலருடைய குடும்பத்தில் முதன்முதல் எழுத்து நுழைந்தது அக்கூரைப் பள்ளிகளின் வாயிலாகத்தான் என்பதும் உண்மையே.

தேர்ச்சிக்குத் தக்க கூலி

இனி, ‘தரம்’ என்ற அளவு பிறந்த கதைக்கு வருவோம். 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பார் கல்வி உதவித்தொகை விதிகளைத் திருத்தியமைத்தார். தொடக்கக் கல்வி ஆறு ‘ஸ்டாண்டர்டு’களாகப் பிரிக்கப்பட்டது. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றில் ஒவ்வொரு குழந்தையையும் ஆய்வாளர் நேரில் வந்து சோதிப்பார். முதல் ஸ்டாண்டர்டில் 20 வரை எண்களை எழுதவும், 10 வரை வாயால் கூட்டவும் கழிக்கவும் தெரிய வேண்டும். வருகைக்கு நான்கு ஷில்லிங்கும், மூன்று பாடங்களிலும் தேறினால் எட்டு ஷில்லிங்கும் பள்ளிக்குக் கிடைக்கும். தவறிய பாடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்சு குறையும். ‘ஐந்தாம் ஸ்டாண்டர்டு வரை படித்தேன்’ என்று நம் பாட்டனார் கூறிய சொல்லின் மூலம் இதுவே.

இம்முறை சென்னை மாகாணத்திற்கும் விரைவில் வந்தது. உதவி பெறும் பள்ளிகளின் வருமானம் தேர்வு முடிவைப் பொறுத்ததாயிற்று. இதனால் விளைந்தது யாது? ஆசிரியரின் அரைவயிற்றுக் கஞ்சியே குழந்தையின் தேர்ச்சியில் தொங்கியது. எளிதில் தேறக்கூடிய குழந்தையை ஆசிரியர் விரும்பினார். தேறாது என்று தோன்றிய குழந்தை சுமையாயிற்று. கார் நடவுக்கும் பிசான அறுவடைக்கும் தாய் தந்தையரோடு வயலுக்குச் செல்லும் குழந்தை, வீட்டில் விளக்கில்லாத குழந்தை, ஏட்டைத் தொட்டறியாத குடும்பத்தின் முதற்குழந்தை ஆகிய இவர்களே அந்த அளவுக்கு முதலில் பலியாகக் கூடியவர்கள். அவர்களுள் நம் குழந்தைகள் எத்துணைப் பேர் என்று விளக்கவும் வேண்டுமோ?

இங்கிலாந்திலும் இம்முறைக்கு எதிர்ப்பு எழுந்தது. பள்ளி ஆய்வாளராகவும் கவிஞராகவும் விளங்கிய மாத்யூ ஆர்னால்டு, குழந்தைகள் பாடநூலை மனப்பாடம் செய்து ஒப்பித்தே படிப்புத் தேர்வில் தேறிவிட முடியும் என்று எடுத்துக்காட்டினார். 1890-களில் அந்நாடு அம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது. இந்தியாவிலோ 1882-இல் அமைந்த ஹண்டர் குழு தொடக்கக் கல்விக்கு அதனையே பரிந்துரைத்தது. 1904-இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் வந்த பின்னரே அது கைவிடப்படலாயிற்று.

அடைத்த கதவும் திறந்த கதவும்

அளவு ஒருபுறம் இருக்க, அளக்கப்படும் இடத்திற்குள் நுழையவே நம்மவர்க்குத் தடை இருந்தது. 1856-இல் தார்வாரில் ஒரு மகார் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். அவனைச் சேர்க்க அதிகாரிகள் மறுத்தனர்; பம்பாய் அரசும் அம்மறுப்பை மாற்றவில்லை. சாதியைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் எவரையும் மறுத்தல் கூடாது என்பது ஏட்டளவில் இருந்த கொள்கை. ஹண்டர் குழு அக்கொள்கையை மீண்டும் வலியுறுத்தியது. அதே குழுவின் முன் மகாத்மா ஜோதிராவ் புலே 1882-இல் அளித்த சாட்சியத்தில், தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், உழைக்கும் வகுப்பினின்றும் ஆசிரியர் வர வேண்டும் என்றெல்லாம் கேட்டார். நூற்று நாற்பதாண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி அது.

சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை நம் மக்களின் நிலையை அரசின் முன் வைத்தது. 1893-இல் ‘பஞ்சமர்’ கல்வி குறித்த அரசாணை பிறந்தது. தனிப் பள்ளிகளுக்கு ஊக்கம், ஆசிரியப் பயிற்சிக்கு உதவி முதலியன அதனால் கிட்டின. 1894-இல் கர்னல் ஆல்காட்டு சென்னை அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். கோர்ட்ரைட்டு அம்மையார் முதலியோர் அப்பள்ளிகளில் விளையாட்டு வழிக் கல்வியைப் புகுத்தினர். ஆயினும் உயர்கல்விக்கு ஆயத்தம் செய்வது அப்பள்ளிகளின் நோக்கமன்று. எழுத, படிக்க, கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்பதே கருத்து. பரிவோடு வைத்த அளவும் குறைந்த அளவாய் இருக்கக் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நம் பெரியோர் அக்குறைந்த அளவோடு நின்றாரில்லை. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். பள்ளியில் சில எழுத்துகள் கற்றவன் தொடர்ந்து படிப்பதற்கு ஏதேனும் வேண்டுமன்றோ? அதனை அவர்கள் தம் கையாலேயே அச்சிட்டுத் தந்தனர். படிப்பின் தரத்தை உயர்த்துவது தேர்வன்று, படிக்கத்தக்க பொருள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் ஆசிரியராகப் பணியாற்றியவர். சட்டமன்றத்தில் உரிமைக்குரல் எழுப்பிய அவரே, ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து மழலையர் பாடல்நூலும் உருவாக்கினார். இன்று எல்லாச் சாதிக் குழந்தைகளும் பாடி மகிழும் பாடல்கள் சில அந்நூலில் இடம்பெற்றவை என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி கண்ட குருகுலம்

நம் ஊரோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டு குறிப்பிட வேண்டும். வ.வே.சு. ஐயர் 1922-ஆம் ஆண்டின் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று என உயர்ந்த அளவுகளையே அது தனக்கு வைத்துக்கொண்டது. ஆனால் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்து, 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொதித்தது. வரதராஜுலு நாயுடு, பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் கண்டித்தனர். 1925 ஜூன் திங்களில் ஐயர் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்றப் புகுந்து உயிர் நீத்தார்.

அவ்விவாதம் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற எல்லையையே பெரிதும் சுற்றி நின்றது. எனினும் அது நமக்கும் ஒரு பாடம் தந்தது. என்ன கற்பிக்கிறோம் என்பதைப் போன்றே, எங்கே அமர வைத்துக் கற்பிக்கிறோம் என்பதும் கல்வியின் தரமே. சதாராவில் கோணிப்பையின் மீது தனியே அமர்ந்து படித்த சிறுவன் அம்பேத்கர், ஒருநாள் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது, பலகையின் பின்னிருந்த தம் உணவுக் கலங்கள் தீட்டுப்படும் என மற்ற சிறுவர் கூச்சலிட்டு ஓடி அவற்றை அகற்றினர் என்பது அவர் வரலாற்றில் காணும் செய்தி. கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. பலகையை அடைவதே அரிதாயிருந்தது. அக்கிரகாரம், கோயில், சாவடி போன்ற இடங்களில் இயங்கிய பள்ளிகளில் நம் பிள்ளைகள் நுழைய இயலாமையைப் போக்கச் சென்னை அரசு 1919-இலும் அதன் பின்னரும் ஆணைகள் இட வேண்டியிருந்தது.

அரை நேரமும் முழு வயிறும்

விடுதலைக்குப் பின் 1953-இல் ராஜாஜி அமைச்சரவை கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், நாட்டுப்புறப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் சிறுவர் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றனர். நம் பெற்றோரின் தொழில் எது என்பதை எண்ணினால் அத்திட்டத்தின் பொருள் விளங்கும். எதிர்ப்பு வலுத்து, காமராசர் முதலமைச்சரான 1954-இல் அது கைவிடப்பட்டது. 1956-இல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கி வைத்தார். தரத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் மறத்தல் ஆகாது. கற்பதற்கு நேரமும், நேரத்தைத் தாங்க வயிற்றில் உணவும் இன்றேல், எந்த அளவும் வெற்றளவே.

மீண்டும் வந்த அளவுகோல்

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, தவே குழுவின் ஆய்வின் பயனாக 1991-இல் ‘குறைந்தபட்சக் கற்றல் அளவுகள்’ வெளியாயின. மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவற்றில் ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தை எட்ட வேண்டியவை வரிசைப்படுத்தப்பட்டன. நூற்றுக்கு 80 குழந்தைகளேனும், குறித்த திறன்களில் 80 விழுக்காட்டையேனும் அடைதல் இலக்கு. பழைய ஸ்டாண்டர்டு முறைக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அது குழந்தையைத் தேறியவன், தேறாதவன் எனப் பிரித்தது. இது, குழந்தை எட்டவில்லையெனில் ஆசிரியர் மீண்டும் கற்பிக்க வேண்டும் என்றது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகளும் கற்றல் ஏணியும் வந்தன. குழந்தைகள் தாமே எழுதும் தாழ்ந்த கரும்பலகைகள் சுவரெங்கும் அமைந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார். எல்லாத் தெருக் குழந்தைகளும் ஒரே வட்டத்தில் அமர்ந்த அக்காட்சி, வரலாறு அறிந்த எனக்குக் கண்ணீர் வரவழைத்தது. 2022 ஜூன் முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையறிந்து கற்பிக்க வழி செய்தது. இவற்றிற்கிடையே, ஐந்தாம் வகுப்பிற்கும் எட்டாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைக்க 2019-இல் முடிவு செய்த தமிழக அரசு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதனை நீக்கிக்கொண்டது. பழைய மரக்கால் மீண்டும் களத்திற்கு வரக் கூடும் என்பதற்கு அது சான்று.

யான் கற்ற பாடம்

என் பணிக்காலத் தொடக்கத்தில் நிகழ்ந்தது ஒன்று. மூன்றாம் வகுப்பில் நம் தெருச் சிறுமி ஒருத்தி பாடத்தைத் தங்குதடையின்றிப் படிப்பாள். ஆய்வுக்கு வந்தவர் முன்னும் அவளையே எழுப்புவேன். ஒருநாள் தற்செயலாக, இரண்டாம் வரியில் நடுவே உள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, ‘இது என்ன?’ என்றேன். அவள் விழித்தாள். பின்னர் பாடத்தின் தொடக்கத்திலிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தி வந்து, அச்சொல்லை எட்ட முயன்றாள். எட்டுமுன் விரல் வழி தவறிற்று. அவளுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்தன்று. ஆனால் என் பதிவேட்டில் அவள் தேர்ச்சி பெற்றவள். ஆண்டிறுதி நெருங்கியிருந்தது, அக்குறிப்பை நான் திருத்தவில்லை.

ஐந்தாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். பல ஆண்டுகள் கழித்து ஒரு கடன் பத்திரத்தைக் கையில் ஏந்தி என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். கீழே அவள் பெயரை அவளே எழுதியிருந்தாள். ‘என்ன எழுதியிருக்கு சார், வாசிச்சுச் சொல்லுங்க’ என்றாள். கையொப்பமிட்ட பின்பு வந்த கேள்வி அது. அவள் பாட்டனார் இட்ட கைநாட்டுக்கும் அக்கையொப்பத்திற்கும் இடையே நான் அவளுக்கு ஈந்தது என்ன என்று அன்றிரவு முழுவதும் உறங்காது எண்ணினேன். அன்று தொட்டுப் பதிவேட்டை நம்புவதை விட்டேன். குழந்தை முன்பு கண்டிராத தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதையே வழக்கமாகக் கொண்டேன்.

இளைஞர்க்கு ஒரு சொல்

தம்பியரே, தங்கையரே! மாலை வேளைகளில் நம் தெருக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர முன்வரும் உங்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில கூறுவேன்.

படிப்பைச் சோதிக்கப் பாடநூலைக் கொடாதீர். பேருந்தின் பெயர்ப்பலகை, ரேஷன் அட்டை, செய்தித்தாளின் ஒரு பத்தி ஆகியவற்றைக் கொடுங்கள். எழுத்தைச் சோதிக்கப் பார்த்தெழுதச் சொல்லாதீர். இன்று வீட்டில் நடந்தது என்ன என்று இரண்டு வரி தானே எழுதச் சொல்லுங்கள். பிழையிருந்தாலும் அது அக்குழந்தையின் சொந்த வாக்கியம். கணக்கில் வாய்ப்பாட்டிற்கு முன் பத்தும் ஒன்றும் விளங்க வேண்டும். நம் ஊர் அப்பளத்தைப் பத்துப் பத்தாக அடுக்கி, மீதியைத் தனியே வைத்து எண்ணச் செய்யுங்கள். இடமதிப்பு தானே விளங்கும். அப்பளம் இடும் தாயின் ஒரு வாரக் கூலியைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு எதற்கு என்பதும் விளங்கும்.

எட்டாத குழந்தையை மக்கு என்று எழுதாதீர். எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதுங்கள். நடவு நாளில் வராத குழந்தைக்கு, வந்த நாளில் விட்ட படியிலிருந்து தொடங்குங்கள். மற்றொன்று: நம் குழந்தைகள்தாமே, இவ்வளவு போதும் என்று இரக்கத்தால் அளவைக் குறைத்துவிடாதீர். எந்தக் குழந்தைக்கும் உரிய முழு அளவு நம் குழந்தைக்கும் உரியது. அதனைக் கொடுக்கத் தவறினால் தவறியவர் கற்பித்தவரே. நான் தவறியதைப் போல.

களத்துமேட்டு மரக்காலை நம் முன்னோர் கையில் எவரும் கொடுத்தாரில்லை. எழுத்தின் மரக்கால் இன்று நம் கைக்கு வந்துள்ளது. அதனை நிறைய அளப்போம். இருபத்தைந்தாண்டு கண்ட நம் கல்விச் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், தாம் ஒப்பமிடும் தாளைத் தாமே படித்தறிய இயலாதார் நம் தெருவில் ஒருவரும் இலர் என்று எழுதும் பேறு இளையோர்க்கு வாய்ப்பதாக!